ஜெரோமின் கால்மாட்டில் மூன்று பெடல்கள்

ஜெரோம், உன் பெடல்களைப் போன வாரம் புதுப் பையன்களிடம் கொடுத்துவிட்டேன். உன் அக்காதான் கொடுக்கச் சொன்னார்கள். "வீட்டுல சும்மா கெடந்து துரு ஏறுறதுக்கு, நாலு பேரு மிதிக்கட்டும்" என்றார்கள். நீ திட்டுவாயோ என்று யோசித்தேன். திட்டவாவது வாயேன்டா என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பிகளா, இனி உங்களிடம் பேசுகிறேன். பெட்டியை வாங்கிக்கொண்டு போகும்போது, "அண்ணே, எதை எப்ப மிதிக்கணும்னு எழுதித் தாங்க" என்று கேட்டீர்கள். எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு, வேகமாக எழுத வராது. ஒயரை எங்கே செருகுவது, எந்தத் திருகு எதற்கு என்பதெல்லாம் ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்த மற்றதைச் சொல்கிறேன். முப்பது வயதுகூட ஆகாதவன் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இப்போது பள்ளங்கியில் எங்கள் காட்டில் பூண்டு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜெரோமின் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். அங்கே படித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாததை விட்டுவிட்டுப் போவார்கள். பூட்ஸ், குளிர் கோட்டு, கீறல் விழுந்த ரெக்கார்டு. அப்படித்தான் ஜெரோமுக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் கிடைத்தது. அடுத்தடுத்த வருஷங்களில் பெடல்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் பஜாரில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் வாடகைக்குக் கேட்டு வந்தவன் முதல் பெடலைக் கடை மேஜைமேல் வைத்தான்.

"இது என்னலே?"

"காலால மிதிக்கிறது."

"தையல் மிசினா?"

"ஆமா. சத்தத்தைக் கிழிச்சுத் தைக்கிற மிசினு. ஒயரக் குடு."

அதற்குப் பேர் ஃபஸ். மிதித்தால் கிட்டார் சத்தம் துணி கிழிகிற மாதிரி கரகரவென்று வரும். இரண்டாவது வா-வா பெடல். பாதத்தை முன்னும் பின்னும் சாய்த்தால் சத்தம் வாய் திறந்து மூடும். மூன்றாவது எக்கோ. வாசித்ததையே திருப்பித் திருப்பிச் சொல்லும், கோக்கர்ஸ் வாக் பக்கம் நின்று கத்தினால் பள்ளத்தாக்கு சொல்கிற மாதிரி. அந்த முதல் பெடலை வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் முதலாளி வந்து எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளும்வரை வாசித்தோம். அன்றைக்கே நான் அவன் ஆளாகிவிட்டேன். அவன் வாசிப்பான், நான் ஒயரும் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும் பார்த்துக்கொள்வேன். டிரம்ஸுக்கு பிரிட்டோ என்று ஒருவன் வந்து சேர்ந்தான். அதுதான் எங்கள் பேண்டு.

முதலில் ஒரு கல்யாண வரவேற்பைப் பற்றிச் சொல்கிறேன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஜெரோம் ஃபஸ்ஸை மிதித்தான். கிட்டாருக்குப் பதிலாக ஆம்ப்ளிஃபயரில் ஒரு பெண் குரல் கேட்டது. கடலுக்கு அந்தப் பக்கத்து ரேடியோ. இந்த ஃபஸ் சில இடங்களில் ரேடியோவைப் பிடித்துவிடும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து அங்கே மரண அறிவித்தல். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையுமான இன்னார் காலமானார் என்று அந்தம்மா நிறுத்தி நிதானமாகச் சொல்ல, பாயசம் குடித்துக்கொண்டிருந்த பெண்வீட்டுப் பெரியவர் டம்ளரோடு எழுந்துவிட்டார்.

"ஏப்பா, யாருப்பா செத்தது? நம்ம ஆளா?"

நான் திருப்புளியோடு தரையில் விழுந்து பெடலின் அடிமூடியைக் கழற்ற ஆரம்பித்தேன். அந்தம்மா இறுதிச் சடங்கு எத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெரோம் என் தலைக்கு மேலேயே காலை நீட்டி ஃபஸ்ஸை அணைத்தான். கிட்டாரை ஒரு தட்டுத் தட்டி, பெடல் எதுவும் இல்லாமல் வெறும் சத்தத்தில் வாசிக்கத் தொடங்கினான்.

"முருகேசு, எந்திரி. நீ குனிஞ்சா ஊரே குனிஞ்சு பாக்கும்."

எழுந்தேன். கூட்டம் திரும்பப் பாயசத்துக்குப் போய்விட்டது. மேடையில் எது கோளாறு ஆனாலும் அங்கேயே ரிப்பேர் பார்க்காதீர்கள். கோளாறைத் தாண்டி நேராகப் போகிற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெடல் இல்லாவிட்டாலும் கிட்டார் இருக்கிறது. ரிப்பேரை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பேட்டரி. நம் ஊர்க் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். நான் எப்போதும் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் போவேன். வெள்ளைக்காரர்கள் தங்குகிற வட்டக்கானல் வீடு ஒன்றில் ஒரு நாள் வாசிக்கப் போனோம். அங்கேதான் முதன்முதலாக சினிமாப் பாட்டு வேண்டாம், உங்கள் சொந்தப் பாட்டை வாசியுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நல்லபடி இருக்கட்டும் என்று நானாகவே ஃபஸ்ஸில் புதுப் பேட்டரி போட்டு வைத்தேன். ஜெரோம் மிதித்தான். முகம் சுருங்கிவிட்டது.

"பழசு எங்கடா?"

"அது செத்துப் போச்சுன்னு வரும்போதே விட்டெறிஞ்சுட்டேன்."

"எங்க?"

"டால்பின் நோஸுக்குப் போற பாதையில."

"அடப் பாவி! அது சாகலடா, இப்பத்தான் சாகப் போகுது. அப்பத்தான்டா அது நல்லாப் பேசும். போ, தேடு."

பாதி உயிர் போன பேட்டரியில் ஃபஸ்ஸின் குரல் உடைந்து உடைந்து வரும். அவனுக்கு வேண்டியது அந்த உடைசல். எனக்கு அது கோளாறாகத் தெரிந்தது. பிரிட்டோவும் நானும் புதருக்குள் தேடினோம், அட்டை கடித்ததுதான் மிச்சம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து அடுத்தவன் சத்தத்தில் கை வைக்காதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சொந்தப் பாட்டு என்று சொன்னேன் அல்லவா, அது எங்கள் பக்கத்து மலைக் கிராமமான பேத்துப்பாறைக்குப் போகிற பஸ் பற்றியது. பாட்டில் வார்த்தை கிடையாது. ஃபஸ்தான் எஞ்சின். மேட்டில் கியர் மாற்றும்போது பஸ் முனகுமே, அது வா-வா. வளைவில் ஹாரன் அடித்தால் மலை திருப்பி அடிக்கும், அது எக்கோ. பஸ் புறப்பட்டு, திணறி, ஒவ்வொரு வளைவாகத் திரும்பி, கடைசியில் ஊர் வந்து நின்று மூச்சு விடும். அதோடு பாட்டு முடியும். ஹோட்டல்காரர்கள் யாரும் அதை வாசிக்க விடமாட்டார்கள். "சொந்தப் பாட்டை வீட்டுல வாசிங்கப்பா, இங்க சினிமாப் பாட்டு வாசிங்க" என்பார்கள். வட்டக்கானலிலும் என் புதுப் பேட்டரியால் அது பாதியில் படுத்துவிட்டது. ஒரு தடவையாவது நம் ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் அதை முழுசாக வாசித்துவிட வேண்டும் என்பது ஜெரோமுக்கு ஆசை. பெரிய ஊருக்குப் போக வேண்டும், ரெக்கார்டு போட வேண்டும் என்று அவன் பேசியதே இல்லை.

ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு அவன் மேடு ஏறும்போது நிற்க ஆரம்பித்தான். முதலில் கடைசி வளைவில் நின்றான். போகப் போக ஒவ்வொரு வளைவிலும் நின்றான். வேடிக்கை பார்க்கிற மாதிரி நிற்பான். பிறகு கால் வீங்கியது. ஷூ நுழையவில்லை. வெறுங்காலோடு மிதித்தான். வா-வா பெடல் பாதத்துக்கு அடியில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றான். அவன் அக்கா ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தார்கள். அவர்கள்தான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சுக்குள் போய் வால்வைக் கெடுத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மதுரையில் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தார். கூப்பிடும்வரை அலுங்காமல் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் சீசனில் பார்க் மேடையில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். சினிமாப் பாட்டெல்லாம் வாசித்துவிட்டு, கடைசியாக ஒன்று உங்கள் இஷ்டத்துக்கு வாசித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அக்காவிடம் யார் சொல்வது என்று நானும் பிரிட்டோவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஜெரோமே சொன்னான்.

"மேடையில ஏறுன, கால ஒடிச்சுருவேன்" என்றார்கள் அக்கா.

"அதுதான் ஏற்கெனவே வேல செய்யலையேக்கா."

"வாய் மட்டும் நல்லா வேல செய்யுது."

"வாய வச்சு கிட்டார் வாசிக்க முடியாதுல்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான் குறுக்கே விழுந்தேன்.

"அக்கா, அவன் நாற்காலியில உக்காந்து கையை மட்டும் அசைக்கட்டும். கால் சோலிய நான் பாத்துக்கிறேன்."

அக்கா என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். "கால மட்டும் இல்ல முருகேசு, ஆளயும் நீதான் பாக்கணும். மூச்சு வாங்குச்சுன்னா அந்த எடத்துலயே நிறுத்திறணும். அவன் நிறுத்த மாட்டான். நீ நிறுத்து."

"சரிக்கா" என்றேன்.

உள்ளே போனதும் ஜெரோம் என் சட்டையைப் பிடித்தான். "அக்கா என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியும். பஸ் ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் நீ எதுவும் பண்ணக் கூடாது. என்ன?"

"சரிடா" என்றேன்.

ஒத்திகையில் நான் தரையில் சம்மணம் போட்டு அவன் கால்மாட்டில் உட்கார்ந்தேன். பெடல்களை என் மடிக்கு முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு கையால் அமுக்கினேன். அவன் வாசிப்பு எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் எது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் ஒட்டவில்லை. ஜெரோம் வாசிப்பதை நிறுத்தினான்.

"நான் போன மாசம் வாசிச்சதுக்கு நீ அமுக்குற. நான் இப்ப வாசிக்கிறேன்ல, அதுக்கு அமுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானடா?"

"போன மாசம் எனக்கு மூச்சு இருந்துச்சு. இப்ப பஸ் மெதுவாத்தான் போகும்."

அதற்குப் பிறகு நான் விரலைப் பார்க்கவில்லை. அவன் தோளைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தொடங்குவதற்கு முன்னால் தோள் லேசாக ஏறும். அதோடு சேர்ந்து என் கையும் ஏறியது. சில நாளில் இரண்டு ஆள் ஒரு கிட்டார் வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பிரிட்டோ, "புருசன் பொஞ்சாதி தோத்தாங்கடா" என்றான்.

பார்க்கில் அன்று சாயங்காலம் வெயிலும் பனியும் மாறி மாறி வந்தன. மதுரை, திண்டுக்கல் கூட்டம் சால்வை போர்த்திக்கொண்டு, சோளக்கதிர் கடித்துக்கொண்டு நின்றது. சினிமாப் பாட்டுக்கெல்லாம் கை தட்டினார்கள். பிறகு ஜெரோம் மைக்கில், "இது எங்க பாட்டு. பேத்துப்பாறைக்குப் போற பஸ்ஸு" என்றான். முன்னால் இருந்த நம் ஊர்க்காரர் ஒருவர், "டிக்கெட் யார்றா குடுப்பாங்க?" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. ஜெரோமும் சிரித்தான். பஸ் புறப்பட்டது.

தம்பிகளா, அவன் அன்று வாசித்தது மாதிரி நான் கேட்டதே இல்லை. இதைத் துக்கத்தில் சொல்லவில்லை. முதல் வளைவில் வா-வா முனகியபோதே முன்வரிசைக் குழந்தைகள் ஸ்டியரிங் திருப்ப ஆரம்பித்துவிட்டன. பாதிக்கு மேல் போனோம். அப்போதுதான் அவன் தோள் ஏறி, இறங்காமலேயே மறுபடி ஏறியது. உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. வீங்கின கால் அதுவரை தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டது. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

என் கையில் எக்கோவின் திருகு இருந்தது. அதை முழுசாகத் திருகியிருந்தால் அவன் கடைசியாக வாசித்தது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்திருக்கும். கூட்டத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவனும் கொஞ்சம் இளைப்பாறலாம். அப்படித்தான் முதலில் நினைத்தேன், திருகில் விரலும் வைத்துவிட்டேன். ஆனால் எனக்கு ஜெரோமைத் தெரியும். சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறவரை அவன் இளைப்பாற மாட்டான். அந்தச் சத்தத்தின் மேலேயே ஏறி வாசிப்பான். நான் கொடுக்கிற ஒவ்வொரு உதவியும் அவனை இன்னும் ஒரு வளைவு மேலே தள்ளும்.

எட்டி மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

பிரிட்டோவின் டிரம்ஸ் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய் நின்றது. மைக்கும் செத்துவிட்டதால் நான் எழுந்து நின்று கத்தினேன். "கரண்டு கோளாறுங்க! மன்னிச்சுக்கங்க!"

"ஏலே மைக் செட்டு, கரண்டு பில்லு கட்டலையா?"

"இதுக்கு ஊட்டிக்கே போயிருக்கலாம்டா!"

யாரோ கடித்து முடித்த சோளக்கதிரை எறிந்தார்கள். என் முதுகில் பட்டது. ஜெரோம் நாற்காலியில் சாய்ந்துகிடந்தான். "செருகுடா... செருகு..." என்றான். இரண்டு வார்த்தைக்கு நடுவில் அத்தனை மூச்சு. நான் பிளக்கைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன். பிறகு நாற்காலியோடு அவனைத் தூக்கி மைக் செட் வேனில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆக்சிஜன் வைத்தார்கள். அன்று பிழைத்துக்கொண்டான். அந்த மிச்சப் பாட்டை வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ஆள் முக்கியமா, அவன் சத்தம் முக்கியமா என்று உங்களுக்கும் ஒரு நாள் மேடையில் வரும். யோசிக்க நேரம் இருக்காது. ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாகத்தான் செய்தேனா என்ற கேள்வி பிறகு வரும், அது போகாது. அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஜெரோம் என்னோடு பேசவில்லை. நான் வெள்ளனே பஸ் ஏறி வந்து வார்டில் உட்காருவேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அக்கா வந்து, "ஏலே, ரெண்டு பேரும் என்ன பச்சப் பிள்ளைகளா?" என்று திட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"பஸ்ஸ வளைவுல நிறுத்திட்டியேடா."

நான் உரிப்பதை நிறுத்தினேன்.

"நிறுத்துறவன் ஒரு ஸ்டாப்புல நிறுத்தக் கூடாதா? ஏத்தத்துல, வளைவுல, இருட்டுல. அத்தன பேரும் அங்கேயே நிக்கிறாங்க. பிள்ளைகள்லாம் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"என்ன பண்ணச் சொல்ற?"

திரும்பிப் படுத்தான். "எடுத்துட்டுப் போவோம். நீ வாசி."

"நானா? எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்?"

"வாயால வாசி. எனக்கு மூச்சு பத்தாது. பெடல் நான் போடுறேன்."

நான் அவன் பக்கத்தில் குனிந்தேன். கரகரவென்று தொண்டையில் எஞ்சினை எடுத்தேன். அவன் உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் வைத்து மெதுவாகத் திறந்தான், மூடினான். என் சத்தம் வாய் திறந்து மூடியது. பஸ் நகர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பேத்துப்பாறைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நம்ம பஸ் மாதிரில்ல கெடக்கு?" என்றார். ஜெரோமுக்குச் சிரிப்பு வந்து கை ஆடியது. அதுகூடப் பாட்டில் நன்றாகத்தான் இருந்தது. நான் வேகமாகப் போனால் கையை மூடிவிடுவான். அவன் திறக்கும்வரை காத்திருப்பேன். அந்த ஒரு தடவை நான் கிட்டாராக இருந்தேன். அடுத்த சத்தம் எப்போது என்று தெரியாமல், அவன் கையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வளைவெல்லாம் திரும்பி, ஊர் வந்து, பஸ் நின்று மூச்சு விட்டது. அவன் கையை என் வாய்மேல் வைத்து முழுசாக மூடினான்.

"அவ்வளவுதான்" என்றான். "ஆரஞ்சக் குடு."

ஆபரேஷனுக்கு மதுரையிலிருந்து கூப்பிட்டார்கள். கூட்டிக்கொண்டு போனோம். அங்கே காத்திருந்த நாட்களிலேயே போய்விட்டான்.

பிறகு நான் இன்னொரு கிட்டார்காரரோடு கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர். அவர் தோள் ஏறும்போது என் கை ஏறவில்லை, வேறு யாருக்கோ ஏறியது. அவருக்கு நான் இடைஞ்சல் என்று தெரிந்ததும் விலகிக்கொண்டேன். விலக வேண்டிய நேரத்தில் விலகுவதும் இந்தத் தொழிலில் சேர்ந்ததுதான்.

நாங்கள் குழந்தை வேலப்பரைக் கும்பிடுகிறவர்கள். ஜெரோம் வீட்டில் மாதா. நீங்கள் யாரை வணங்குகிறீர்களோ, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களும், அவனைத் தெரியாதவர்களும், கரண்டு கோளாறு என்று நம்பி அன்று என்னைத் திட்டியவர்களும் எல்லாரும் சொல்லுங்கள். சமையல்காரர் மகன் ஜெரோம் இப்போது இருக்கிற இடத்தில் மேடே இருக்கக் கூடாது. இருந்தாலும் அவன் ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும். அதற்காக எல்லாரும் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.